பழனி பாதயாத்திரை: மூன்றாம் நாள் கால் எழவில்லை என்றால்

கேள்வி: போன தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு ஐந்து நாள் கணக்கில் நடக்கத் தொடங்கினேன். வயது 41, எடை 63 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை. முதல் நாளே வெறுங்காலோடு சிங்கம்புணரி வரை போய்விட்டேன். பாதம் எரிந்ததால் அங்கே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் நத்தம் சேர்ந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் தொடை கல்லாகக் கிடந்தது, இரண்டு காலிலும் கொப்புளம். வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோபால்பட்டி தாண்டியதும் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, குமட்டியது. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டு பஸ் ஏறி ஊர் திரும்பினேன். வேண்டுதல் பாதியில் நின்றது இன்னும் மனசை அறுக்கிறது. இந்த வருஷம் மறுபடி போகிறேன், பத்து வாரம் இருக்கிறது. அந்த மூன்றாம் நாளை எப்படித் தாண்டுவது? சர்க்கரை நோயுள்ள என் அண்ணனும் கூட வருகிறார். அவருக்கு என்ன கவனிக்க வேண்டும்?

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஏறியது சரியான முடிவு. வலி மாத்திரை போட்ட உடம்பில், வெயிலில், தசைப்பிடிப்போடு குமட்டலும் சேர்ந்த பிறகு இன்னும் 15 கிலோமீட்டர் நடந்திருந்தால் திண்டுக்கல்லில் நீங்கள் மண்டபத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போயிருக்கக்கூடும். அதை மனவுறுதிக் குறைவு என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

கடிதத்தைப் படித்தால் மூன்றாம் நாளில் தவறு எதுவும் புதிதாக நடக்கவில்லை. எல்லாம் முதல் நாளே நடந்து முடிந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழக்கமில்லாத தசை இப்படி ஒரே நாளில் வேலை செய்தால் அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் முதல் நாள் மாலை 'இவ்வளவுதானா' என்று தோன்றுகிறது, மூன்றாம் நாள் காலையில் கக்கூஸுக்கு உட்கார்ந்து எழ முடியவில்லை. நல்ல செய்தி என்னவென்றால், புதுச் சேதம் கூடாமல் பார்த்துக்கொண்டால் நான்காம் நாளிலிருந்து அது தானாகவே இறங்கத் தொடங்கும். ஆக, மூன்றாம் நாளில் உங்கள் வேலை அந்த நாளை ஜெயிப்பது இல்லை. நான்காம் நாளுக்குக் கடன் வைக்காமல் அதைக் கடப்பதுதான்.

அதற்கு, வலிகளை முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். காலையில் எழுந்ததும் முடிவெடுக்காதீர்கள், அப்போது எல்லாமே வலிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, சமதரையில் பத்து நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். நடக்க நடக்க வலி இளகினால் அது தசைச் சோர்வு, கிளம்பலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அன்றைய தூரத்தைப் பாதியாக்குங்கள். நடக்க நடக்க ஏறினால், அல்லது உங்களை அறியாமல் நொண்டினால், அன்றைக்கு நடை இல்லை. நொண்டலைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காலைக் காப்பாற்ற உடம்பு சாயும்போது மறுகால் முழங்காலும் இடுப்பும் அந்தப் பாரத்தைச் சுமக்கும். கொப்புளத்தில் தொடங்கியது இரண்டு நாளில் முழங்கால் வலியாக முடிவது இப்படித்தான்.

எலும்பு வலி வேறு. பாதத்தின் மேற்புறத்திலோ முன்னங்கால் எலும்பிலோ ஒரே ஒரு விரல்நுனி அளவு இடத்தை அழுத்தும்போது சுரீரென்று குத்தினால், ஓய்வில் இருந்தாலும் இரவில் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். நீண்ட தூரம் அணிவகுத்து நடக்கும் படைவீரர்களுக்கு வழக்கமாக வரும் கோளாறு இது. இதைத் தாங்கிக்கொண்டு நடந்தால் விரிசல் முறிவாகும். அன்றே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் வலி இருக்கும்வரை நடக்கக் கூடாது.

இனி கொப்புளம். உங்கள் பயணத்தை நிறுத்தியதில் பெரும் பங்கு இதற்குத்தான், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தோலின் மேலடுக்கு ஒரு பக்கமும் அடியில் எலும்பு மறுபக்கமும் நகரும்போது இடையில் தோல் கிழிந்து நீர் கோத்துக்கொள்கிறது. சூடும் ஈரமும் இதை வேகப்படுத்தும். தார் சூடு தெரியாமலிருக்க ரோட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். செய்பவர்களின் மனசு பெரிது. ஆனால் நனைந்து ஊறிய பாதத்தோடு மணல் துகளும் சேர்ந்தால் கொப்புளம் இன்னும் சீக்கிரம் வரும். நனைந்தால் அடுத்த நிழலில் உட்கார்ந்து விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு நடங்கள்.

ஓரிடத்தில் சுருக்கென்று சூடாக உணரும்போதே நின்றுவிட வேண்டும். அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அரை மணி நேரத்தில் அங்கே நீர் கோத்திருக்கும். காலைத் துடைத்து, காய்ந்த தோலின் மேல் மைக்ரோபோர் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், ஓரங்களை வட்டமாக வெட்டினால் உரியாது. பல நாள் ஓடும் 250 கிலோமீட்டர் பந்தயத்தில் 128 பேரை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், இந்தச் சாதாரண டேப்பை முன்கூட்டியே ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். இந்த முறை முதல் நாள் காலையிலேயே குதிகால், கட்டைவிரல் ஓரம், முன்பாதம் மூன்றிலும் ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

வந்துவிட்ட கொப்புளம் சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவு பெரிதாகி, மிதிக்க முடியாமல் இருந்தால் நீரை வெளியேற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொப்புளத்தைச் சுற்றி ஸ்பிரிட் தடவி, உறை பிரிக்காத புது ஊசி மருந்து ஊசியால் கீழ் ஓரத்தில் இரண்டு துளை போடுங்கள். பஞ்சுத்துணியால் மெல்ல அழுத்தி நீரை இறக்கியபின் பெட்டாடைன் வைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். மேல்தோலை எந்தக் காரணத்துக்காகவும் உரிக்கக் கூடாது, அதைவிட நல்ல கட்டுத்துணி கிடையாது. ஒட்டாத காஸ் துணி வைத்து மேலே டேப். பஞ்சை நேராக வைத்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த நூல் நீரை வெளியே இழுப்பது போலவே அழுக்கை உள்ளே இழுக்கும், வேண்டாம். ரத்தம் கோத்த கொப்புளத்தைக் குத்த வேண்டாம். சுற்றிலும் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரைக்காரர்கள் கொப்புளத்தைத் தாங்களே குத்தவே கூடாது.

செருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் கால்விரல்கள் மடங்கி அதைக் கவ்விப் பிடிக்கின்றன. ஒரு நாளில் பல்லாயிரம் அடி. விரலிடுக்குக் கொப்புளத்துக்கும் முன்னங்கால் வலிக்கும் காரணம் அதுதான். புதுச் செருப்பை யாத்திரை நடுவில் வாங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள செருப்போ, லேசான நடைக் காலணியோ இப்போதே வாங்கி, கிளம்புவதற்குள் குறைந்தது 100 கிலோமீட்டர் அதிலேயே நடந்து பாருங்கள். மாலையில் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் அளவுதான் உங்களுக்கு வேண்டிய அளவு. வெறுங்கால் என்பது உங்கள் வேண்டுதலாக இருந்தால் அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. உள்ளங்கால் தோல் தடிக்க வாரக்கணக்கில் பழக்கம் வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். அதிகாலைக் குளிர்ச்சியில் ஒரு மணி நேரம், பிறகு பழனி அடிவாரத்திலிருந்து என்று வெறுங்கால் நடையை வகுத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்புமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கெண்டைக்கால் பிடித்ததும் குமட்டியதும் தண்ணீர்க் கணக்கைப் பற்றிய சந்தேகத்தைக் கிளப்புகின்றன. எவ்வளவு குடித்தீர்கள் என்று எழுதவில்லை. குறைவாகக் குடித்தாலும் குமட்டும், வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் குமட்டும். இரண்டாவதில் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, விரல் வீக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும். எனவே தாகத்துக்குக் குடியுங்கள், கட்டாயப்படுத்திக் குடிக்காதீர்கள். பந்தலில் கிடைக்கும் உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். கையில் இரண்டு மூன்று ஓஆர்எஸ் பொட்டலம் வைத்திருங்கள். உலகச் சுகாதார நிறுவனச் சூத்திரப்படியான 20.5 கிராம் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் கெட்டியாகி வயிற்றைக் கலக்கும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பிடிப்பு வந்தால் உட்கார்ந்து முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் விடும். பிடிப்புக்கு உப்பு மட்டும் காரணமில்லை, களைத்த தசை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஆகவே விட்ட பிறகு வேகத்தைக் குறையுங்கள்.

அந்த வலி மாத்திரை பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகள், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். வெறும் வயிறாக இருந்தால் குமட்டலும் அதனால் வந்திருக்கலாம். யாத்திரையில் அந்த வகை வேண்டாம். தவிர்க்க முடியாதபோது பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 3 கிராமுக்குள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் போடக் கூடாது. வலி தெரியாமல் இருக்கும் நேரத்தில் நடை தூரத்தைக் கூட்டாதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். அது நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி.

அந்த நாளை எப்படி நடப்பது? நத்தம் முதல் திண்டுக்கல் வரை ஏறக்குறைய 37 கிலோமீட்டரையும் மனதில் வைக்காதீர்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு. ஓய்வில் காலணியைக் கழற்றி, மல்லாந்து படுத்து, காலைப் பையின் மேலோ மரத்தின் மேலோ தூக்கி வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் தசை இறுகிவிடும், மறுபடி எழுவது பெரும்பாடு. எட்டு வைக்கும் நீளத்தைக் கொஞ்சம் குறையுங்கள். குதிகாலில் விழும் அதிர்ச்சி குறையும். பாதி வழியான கோபால்பட்டி சுற்றுவட்டாரத்தில் பத்தரை மணிக்குள் நிழல் தேடிக்கொண்டு, மூன்றரை மணி வரை அசையாதீர்கள். அது நீண்ட ஓய்வு என்பதால் மீண்டும் தொடங்கும்போது பத்து நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வேகத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம். கூட்டம் 'அரோகரா' சொல்லும்போது மூச்சு வாங்காமல் உங்களால் முழுக்குரலில் சேர்ந்து சொல்ல முடிந்தால் வேகம் சரி. திணறினால் அந்தக் கூட்டத்தை முன்னே போகவிட்டு, உங்கள் வேகத்தில் வரும் இன்னொருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோகலோரி செலவாகும். 37 கிலோமீட்டருக்கு அது ஒரு முழு நாள் சாப்பாட்டுக்குச் சமம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தேவைப்படுவது. அன்னதானப் பந்தலில் ஒரே முறை வயிறு நிறையச் சாப்பிட்டால் தூக்கம் தள்ளும். அரைத் தட்டாக இரண்டு முறை சாப்பிட்டு, நடுவில் மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ எடுத்துக்கொள்ளுங்கள். தயிர்ச்சாதமும் ஊறுகாயும் யாத்திரைக்கென்றே அமைந்த சாப்பாடு, ஆனால் சாதம் கலந்து எவ்வளவு நேரமானது என்று கேட்டுச் சாப்பிடுங்கள். நடக்கும் நேரத்தில் பஜ்ஜி, வடை நெஞ்சைக் கரிக்கும்.

'மனசு விட்டுப்போச்சு' என்று தோன்றும் நேரம் பெரும்பாலும் பத்து, பதினோரு மணி. சர்க்கரை இறங்கி, வெயில் ஏறி, முந்தைய இரவின் தூக்கக்குறைவும் சேரும் நேரம் அது. அந்த நேரத்தில் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு யாத்திரையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காதீர்கள். நிழலுக்குப் போய், மோர் குடித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்தபின் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் மாறவில்லை என்றால் மரியாதையாக வண்டி ஏறலாம். ஆனால் குழப்பமாகப் பேசுவது, தள்ளாடுவது, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவது, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே 108. வெயிலில் மயங்கியவரை நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள்.

தொடை உரசலை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் கொப்புளத்துக்கு அடுத்தபடி நடையைக் கெடுப்பது அதுதான். பவுடர் வியர்வையில் கட்டிதட்டி இன்னும் உராயும். வாசலினைத் தாராளமாகத் தடவி, தொடை வரை ஒட்டிய உள்ளாடை அணிந்து, இரண்டு மணிக்கொரு முறை மறுபடி தடவுங்கள்.

இரவு மண்டபத்தில் சேர்ந்ததும் வெந்நீரில் காலை ஊறவைப்பது பலருக்கும் பிடிக்கும். ஊறிய தோல் மறுநாள் எளிதில் கிழியும். சாதாரணத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்து 15 நிமிடம் படுத்திருங்கள். தொடையை மிதித்து விடச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே சேதமான தசை அது. மெல்லத் தைலம் தடவி நீவினால் போதும். பிறகு தூக்கம், ஆறு மணி நேரமாவது. இருட்டில் நடக்கும்போது பைக்குப் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டி, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரம் நடங்கள். காவலர்கள் வேறு பக்கம் ஒதுக்கியிருந்தால் அங்கே. ரோட்டின் ஓரச் சரிவில் நாள் முழுக்க நடந்தால் ஒரு கால் குட்டையானது போல் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும், சமமான இடம் கிடைக்கும்போதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டுக்கு ஐந்து நாள் கணக்கை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான யோசனை. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி என்று ஏழு நாள். முதல் நாள் 20 கிலோமீட்டரை ஒட்டி முடிந்துவிடும். இன்னும் போகலாம் என்று கால் சொல்லும், கேட்காதீர்கள். பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள். வாரத்தில் நான்கு நாள் 5 கிலோமீட்டர், ஞாயிறன்று 8. ஞாயிறு நடையை வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே போய், யாத்திரைக்கு மூன்று வாரம் முன்பு சனி 20, ஞாயிறு 15 என்று அடுத்தடுத்த நாட்களில் நடந்து பாருங்கள். வலிக்கும் தசையோடு மறுநாள் நடக்க உடம்பைப் பழக்குவது இந்த இரட்டை நாள்தான், அதை மட்டும் தவறவிடாதீர்கள். தார் ரோட்டில், அதே காலணியோடு, அதே பையோடு நடக்க வேண்டும். கடைசி பத்து நாள் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பழனியில் ஏறக்குறைய 700 படி காத்திருக்கிறது. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்குக் கடினம் என்பதால், இறங்கும்போது சரிவாகப் போகும் யானைப்பாதையில் வாருங்கள்.

அண்ணனுக்கு: வெறுங்கால் கூடவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று கிளம்புமுன் சோதிக்கச் சொல்லுங்கள், ஆணி ஏறினாலும் தெரியாதவர்கள் உண்டு. ஒவ்வொரு ஓய்விலும் அவர் உள்ளங்காலை நீங்கள் பார்க்க வேண்டும். இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு, கிளைகிளசைடு வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால் நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்வையும் நடுக்கமும் அதன் அறிகுறி, ஆனால் நடக்கும்போது எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. எனவே குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். கிளம்பும்போது 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் நடை. வழியில் 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையும், சிறுநீர் பிரிக்கும் ரத்த அழுத்த மாத்திரையும் நீர்வற்றலைக் கூட்டும். எதையும் அவராக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, எந்த நாள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துத்தான் அவரால் யாத்திரை நாட்களுக்கான அளவை மாற்றி எழுதித் தர முடியும்.